அளவுக்கு மீறிய கொடுமை

காவல் மையம், ஹீத்ரோ அருகே
11 பிப்ரவரி 2016

நடீன்,

நேற்று நீ போனைப் பாதியில் வைத்த பிறகு நான் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற அல்பேனியாக்காரன், "முடிஞ்சுதா, இல்ல இன்னும் சண்டை பாக்கி இருக்கா?" என்றான். நீ சொன்னபடியே செய்வோம். பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், கதவுக்குப் பின்னால் கெஸியா கேட்கிறாள். போன் அவளுக்கு மட்டும் இருக்கட்டும். நமக்குள் கடிதம்.

எனக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை விமானம். அதிகாரி காகிதத்தைக் கொடுத்தபோது கேட்டேன்:

"அப்பீல் பண்ணணும்னு சொல்லியிருக்கேனே சார்?"

"தாராளமா பண்ணுங்க. போய் இறங்கிட்டு அங்கேர்ந்து பண்ணுங்க."

"கேஸு இங்க, ஆளு அங்கயா?"

"சட்டம் அப்படித்தான். கேஸ் முடியற வரைக்கும் உங்க நாட்டுல இருந்தா உங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லையாம்."

கெட்ட மனுஷன் இல்லை. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ஆனால் 'உங்க நாடு' என்று எதைச் சொல்கிறார்? ஜமைக்காவை விட்டு வந்தபோது எனக்கு ஆறு வயது. ஒரு மஞ்சள் கதவும் யாரோ இருமுவதும் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அம்மா என்னை அங்கே பெற்று இங்கே கூட்டிவந்தாள். உன்னை இங்கேயே பெற்றாள். எனக்குக் குடியுரிமைக்கு எழுதிப்போடுவதை ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினாள். நான் வளர்ந்த பிறகு நானும் தள்ளினேன். பிரிஸ்டலில் இருபத்தேழு வருஷம் இருந்தவனிடம் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

செய்ததை மறந்துவிட்டு எழுதவில்லை. பாட்டிலைத் தூக்கியது என் கைதான். டேரன் ஹோல்ட்டின் இடது கண் போனது என்னால்தான். அதற்கு நீதிபதி விதித்ததை உள்ளே இருந்து கழித்தேன். இது அதற்கு மேல் வருகிறது.

கெஸியாவை இங்கே அழைத்து வராதே. அவள் அழுதால் அதையும் நான் விமானத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆர்வில்


பிரிஸ்டல்
6 மார்ச் 2016

அண்ணா,

நீ போய்த் தங்கியிருக்கும் பேர்ல் அக்காவின் விலாசத்துக்கு எழுதுகிறேன். போய்ச் சேருமா தெரியவில்லை.

நீ சொன்னபடி அழைத்து வரவில்லை. அதற்குப் பதிலாக வியாழக்கிழமை முழுதும் அவள் பின்னால் நான் நின்றேன். "அப்பாவோட பிளேன் நம்ம வீட்டு மேல போகுமா அத்தை?" என்றாள். போகலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தோட்டத்தில் நின்று மூன்று விமானத்துக்குக் கை காட்டினாள். நான்காவது வந்தபோது பசிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். ஒன்பது வயது.

வக்கீல் மிஸ் பிரிச்சர்டைப் பார்த்தேன். இலவசமாகச் செய்கிறாள். அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான், மேஜையில் உன்னைப் போல நாற்பது பேர் கட்டுக்கட்டாக இருக்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் யோசி.

"குடும்பமா வாழற உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அது ஆர்விலுக்கும் உண்டு, குழந்தைக்கும் உண்டு. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல தண்டனை வாங்கின வெளிநாட்டுக்காரரை அனுப்பியே ஆகணும்னு சட்டம் சொல்லுது. அதுக்கு ஒரே ஒரு வாசல் வெச்சிருக்கு. அவர் போறது குழந்தைக்குக் கொடுமையா இருக்கணும்."

"கொடுமைதானே?" என்றேன்.

"கொடுமைன்னு ஜட்ஜே ஒத்துக்குவார். அது பத்தாது. அளவுக்கு மீறின கொடுமையா இருக்கணும். சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

"அளவு எவ்வளவு?"

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அதத்தான் எல்லாரும் கேக்கறோம்" என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்து கோணுகிறது. நீ உள்ளே போன மாதம் நான் கார்டிஃபுக்குப் போயிருக்க வேண்டியவள். லியான் வீடு பார்த்து வைத்திருந்தான். "உங்கண்ணன் குடிச்சிட்டு ஒருத்தன் கண்ணை எடுப்பான், அதுக்கு நாம ரெண்டு பேரும் காத்திருக்கணுமா?" என்று கேட்டான். இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டுப் போன மாதம் போனான். நான் அவனைத் திட்டவில்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து உன் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். இதை எழுதியதற்குப் பதில் எழுத வேண்டாம்.

நடீன்


மே பென், ஜமைக்கா
2 மே 2016

நடீன்,

உன் கடிதம் வர மூன்று வாரம் ஆனது. பதில் வேண்டாம் என்ற விஷயத்துக்குப் பதில் எழுதவில்லை. படித்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

பேர்ல் நல்லவள். அம்மாவின் பெரியப்பா பேத்தி என்ற ஒரே காரணத்துக்காகப் பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறாள். வந்த அன்றே சட்டம் போட்டாள்.

"ரோட்டுல வாயைத் தொறக்காத. அனுப்பிவெச்ச ஆளுன்னு தெரிஞ்சா திருடன்னுவாங்க. இங்கிலாந்து பேச்சைக் கேட்டா பெட்டி நிறைய வெச்சிருக்கேன்னு வீடு பூந்துருவாங்க."

"அப்ப ஊமையா இருக்கட்டுமா?"

"இரு. ஊமைக்கு இந்த ஊர்ல மரியாதை உண்டு."

இரண்டு நாள்தான் ஊமையாக இருக்க முடிந்தது. மூலைக்கடையில் ரொட்டி கேட்டேன். கடைக்காரர் பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, "இவரு கேக்கறதைக் கேளுங்கடா. ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு 'இங்கிலீஷ்' என்று பெயர். அங்கே இருபத்தேழு வருஷம் என்னை ஜமைக்காக்காரன் என்றார்கள். எங்கே போனாலும் இன்னொரு ஊரின் பெயரைத்தான் என் மேல் ஒட்டுகிறார்கள்.

சுவர்ப்பூச்சு வேலை கிடைத்திருக்கிறது. மேஸ்திரிக்கு என் கை பிடித்துப்போனது. ஆனால் மற்றவர்கள் மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஏன் அனுப்பினார்கள் என்று ஒருவன் கேட்டான். உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

கெஸியா போனில் "ம்" என்கிறாள். "சாப்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படி?" "ம்." அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ எழுது. நல்லதாக மட்டும் எழுதாதே.

டேரன் ஹோல்ட்டைப் பார்க்க முடியுமா? அவன் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் கேஸுக்கு உதவும் என்று இங்கே ஒருவர் சொன்னார். நான் கேட்கக் கூடாத உதவி. ஆனாலும் கேட்கிறேன்.

ஆர்வில்


பிரிஸ்டல்
17 ஜூலை 2016

அண்ணா,

போனேன். பிரிச்சர்டைக் கேட்டால் தடுத்திருப்பாள் என்று சொல்லாமல் போனேன். டேரன் இப்போது அவன் அம்மாவோடு இருக்கிறான். கதவைத் திறந்தவுடன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வலது கண்ணால் பார்த்தான். நான் பஸ் உடுப்பில் இருந்தேன். டிக்கெட் விஷயமாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான் பாவம்.

"நான் ஆர்வில் டலக்கோட தங்கச்சி" என்றேன்.

கதவைச் சாத்தவில்லை. பிறகு, "மன்னிப்பு கேக்க வந்தியா, கையெழுத்து கேக்க வந்தியா?" என்றான்.

"ரெண்டும்."

"முதல்ல கேட்டதை வாங்கிக்கறேன். அவனை அனுப்புங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல தெரியுமா? என்னை யாரும் கேக்கவும் இல்ல. அவன் போனா எனக்குக் கண்ணு வரப்போகுதா?"

"அப்ப அதை மட்டும் எழுதித் தாங்களேன்."

"மாட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "சாரம் ஏறி பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன். இப்ப ஒரு படி இறங்கறதுக்குக் கால் தேடுது. அவனுக்காக நான் பேனா எடுத்தேன்னா அப்புறம் என்னையே எனக்குப் பிடிக்காது. நீ போம்மா."

அவனிடம் இனி யாரும் போகக் கூடாது. நீ எழுதவும் கூடாது.

அடுத்தது கெஸியா. நல்லதாக மட்டும் எழுதாதே என்றாய். நீ சிறைக்குப் போனபோது படுக்கையை நனைக்க ஆரம்பித்தாளே, அது ஏப்ரலில் நின்றுவிட்டது. பள்ளியில் ரிலே ஓட்டத்துக்கு எடுத்திருக்கிறார்கள். கணக்கில் முதல் வரிசை. ஆசிரியை அறிக்கையில், "கடினமான சூழலிலும் தைரியமாக, மகிழ்ச்சியாக இருக்கும் குழந்தை, வீட்டில் அருமையான கவனிப்பு" என்று எழுதியிருக்கிறாள். நான் அதைச் சமையலறையில் ஒட்டினேன். பிறகு எடுத்து பிரிச்சர்டிடம் கொண்டுபோனேன். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது.

"இதை நாம குடுக்கலைன்னாலும் அவங்க பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்குவாங்க" என்றாள்.

"பிள்ளை நல்லா படிச்சா தப்பா?"

"தப்பில்ல நடீன். கேஸுக்குத்தான் நல்லதில்ல."

வீட்டுக்கு வந்தபோது ரிலேக்குப் போட்ட புதுக் காலணியைக் காட்டிக் குதித்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவள் கொஞ்சம் அழுதால் என்ன என்று நினைத்தேன். அப்படி நினைக்க வைத்ததற்காக உன்னையும் அந்தச் சட்டத்தையும் சேர்த்து வெறுத்தேன்.

நடீன்


மே பென்
21 ஆகஸ்ட் 2016

நடீன்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நவம்பரில் விசாரணை என்று பிரிச்சர்ட் எழுதியிருக்கிறாள். நான் அங்கே இல்லை. என் பக்கம் சாட்சி நீ ஒருத்திதான். லீசா உயிரோடு இருந்திருந்தால் குழந்தையின் அம்மாவாக அவள் வந்திருப்பாள். அவள் போனபோது கெஸியாவுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு பால், ஜுரம், பல், பள்ளி எல்லாம் நான்தான். அதை நீ சொல்வாய் என்று தெரியும். ஆனால் அவர்கள் அதைக் கேட்டுவிட்டு, 'இப்போது யார் பார்க்கிறார்கள்?' என்பார்கள். நீ 'நான்' என்பாய். அத்தோடு என் கதை முடிந்தது.

நீ அப்படிச் சொல்லாதே. 'என்னால் தொடர்ந்து முடியாது. அண்ணன் வராவிட்டால் குழந்தையை நகரக் கவுன்சிலின் பராமரிப்பில் ஒப்படைக்க வேண்டிவரும்' என்று சொல். ஒரே ஒரு வாக்கியம். வேறு வீட்டில், தெரியாத மனிதர்களிடம் குழந்தை போகும் என்றால் அது அளவுக்கு மீறியதுதானே? நான் வந்து இறங்கிய மறுநாளே நீ கார்டிஃபுக்குப் போ. அல்லது எங்கே வேண்டுமோ போ.

பொய்தான். ஆனால் முழுப் பொய்யா? உனக்குக் களைப்பாக இல்லையா? உன் வாழ்க்கை நின்றுபோயிருக்கிறது என்று எழுதியது நீதானே. அதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன்.

அண்ணன் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்று எழுத நினைத்தேன். நிறையக் கேட்டிருக்கிறேன். இதுதான் கடைசி.

ஆர்வில்


பிரிஸ்டல்
12 செப்டம்பர் 2016

அண்ணா,

வந்தது. படித்துவிட்டு எரித்தேன், கெஸியா இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறாள்.

சொல்லிப் பார்க்கிறேன். பஸ் டிப்போவில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பழகுகிறேன்.

நடீன்


பிரிஸ்டல்
19 நவம்பர் 2016

அண்ணா,

பிரிச்சர்ட் மின்னஞ்சல் போட்டிருப்பாள். ஆனால் என்ன நடந்தது என்பதை நான்தான் எழுத வேண்டும்.

நியூபோர்ட்டில் நடந்தது. நீ நினைக்கிற மாதிரி பெரிய கோர்ட் இல்லை, ஜட்ஜ் தலையில் விக் இல்லை. வங்கியில் கடன் கேட்கப்போகும் அறை மாதிரி. நீதிபதி ஒரு அம்மாள், சளி பிடித்திருந்தது. நீ உட்கார வேண்டிய இடத்தில் என் கோட்டை வைத்தேன். கோர்ட் ஊழியர் வந்து எடுக்கச் சொல்லவில்லை. நீ எழுதி அனுப்பியதை பிரிச்சர்ட் வாசித்தாள். நல்ல எழுத்துத்தான், ஆனால் அவள் வாயில் அது யாரோ ஒருவருடைய கதையாக இருந்தது. நீ அங்கே உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டு திக்கித் திக்கிச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். அதற்குத்தான் உன்னை முதலிலேயே அனுப்பிவிட்டார்களோ என்னவோ.

கெஸியாவை ஜமைக்காவுக்கு அனுப்புவது அளவுக்கு மீறிய கொடுமை என்று அரசுத் தரப்பே ஒத்துக்கொண்டது. ஒரு நிமிடம் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கேள்வி அதுவல்ல. இங்கேயே இருந்து, நீ இல்லாமல் வளர்வது எவ்வளவு கொடுமை என்பதுதான் கேள்வி.

அவர்கள் பக்கம் ஒரு இளைஞன். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"நீங்க பஸ் டிரைவர், ஷிஃப்டு வேலை. ஆனா ரெண்டு வருஷத்துல குழந்தை ஒரு நாள்கூட ஸ்கூலுக்கு லேட்டா போகல. எப்படி சமாளிக்கிறீங்க?"

"அதிகாலை ஷிஃப்டை மாத்திக்கிட்டேன். சீனியாரிட்டி போச்சு, பரவாயில்லன்னு."

"படுக்கை நனைக்கிற பிரச்சினை?"

"நின்னுபோச்சு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இல்ல. நானே எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன். மூணு மாசம் அப்படிப் பண்ணேன்."

"அப்பாவைப் பத்தி அழறப்ப?"

"பக்கத்துல உக்காந்திருப்பேன். வேற என்ன பண்றது."

ஒவ்வொரு பதிலும் உன் மேல் போய் விழுவது எனக்குத் தெரிந்தது அண்ணா. ஆனால் ஒவ்வொன்றும் நான் செய்தது. செய்யவில்லை என்று எப்படிச் சொல்வேன்? பிரிச்சர்ட் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவன் கேட்டான். மெதுவாக, மரியாதையாகக் கேட்டான். "உங்க அண்ணன் திரும்பி வரலைன்னா, கெஸியாவை நீங்க தொடர்ந்து வெச்சுப்பீங்களா?"

டிப்போவில் நூறு தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. 'முடியாது' என்றால் அது காகிதத்தில் ஏறும். பதினெட்டு வயதில் அவள் அப்பாவின் கேஸைத் தேடுவாள், தேடாமல் இருக்கமாட்டாள். அத்தை வேண்டாம் என்று சொன்னாள் என்று அதில் எழுதியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை என்று உனக்கு எழுதலாம், நியாயமாகத் தெரியும். ஆனால் இது எல்லாம் ரயிலில் திரும்பி வரும்போது யோசித்தது. அங்கே நான் எதையும் யோசிக்கவில்லை. "வெச்சுப்பேன். அவ என்கிட்டத்தான் இருப்பா" என்று வந்துவிட்டது.

"நன்றி. வேற கேள்வி இல்ல" என்று உட்கார்ந்துவிட்டான்.

பிரிச்சர்ட் எழுந்து, எனக்கு எவ்வளவு களைப்பு, எவ்வளவு இழப்பு என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அப்போது எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவள் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

நீ திட்டு.

நடீன்


மே பென்
11 டிசம்பர் 2016

நடீன்,

ஒரே ஒரு வாக்கியம் கேட்டேன். நேர்மையானவள் என்ற பெயர் உனக்குக் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு நன்றாக இரு.

இனி கடிதம் வேண்டாம்.

ஆர்வில்


பிரிஸ்டல்
22 ஜனவரி 2017

அண்ணா,

வேண்டாம் என்றாலும் இதை நான்தான் அனுப்ப வேண்டும். தீர்ப்பின் நகல் உள்ளே இருக்கிறது. தோற்றுவிட்டோம்.

முழுதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் நாற்பத்தொன்றாவது பத்தியை மட்டும் படி. "மேல்முறையீட்டாளரின் சகோதரி நேர்மையான, முழுதும் நம்பத்தகுந்த சாட்சி. குழந்தை அன்பும் ஒழுங்கும் உள்ள கைகளில் இருக்கிறாள். தந்தையின் பிரிவு அவளுக்குத் துயரமானது, கொடுமையானதும்கூட. ஆனால் அளவுக்கு மீறிய கொடுமை என்று சொல்ல இடமில்லை. தந்தையோ தாயோ நாடுகடத்தப்படும் எந்தக் குழந்தைக்கும் நேர்வதே இவளுக்கும் நேர்கிறது."

என் வாழ்க்கையில் என்னை யாரும் இப்படிப் புகழ்ந்து எழுதியதில்லை. நீ எழுதிய 'நேர்மையானவள்' என்பதும் அந்த அம்மாள் எழுதியதும் ஒரே சொல்லாகப் போனது.

எந்தக் குழந்தைக்கும் நேர்வதே என்கிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் நேர்ந்தால் கொடுமை குறைந்துவிடுமா? பிரிச்சர்டிடம் கேட்டேன். மேலே போக அனுமதி கேட்டிருக்கிறாள், கிடைப்பது கஷ்டம் என்கிறாள். உத்தரவு அப்படியே நின்றால், பத்து வருஷம் கழித்து அதை நீக்கச் சொல்லி எழுதலாமாம். அப்போது கெஸியாவுக்குப் பத்தொன்பது, இருபது ஆகியிருக்கும். யாருக்கு அப்பாவாக வரப்போகிறாய்?

அவளிடம் சொன்னேன். தோற்பது என்றால் என்ன என்று கேட்டாள். அப்பா வரமாட்டார் என்றேன். "எப்பவுமா, இந்த வருஷமா?" என்றாள். தெரியாது என்றேன். போய்க் காலணியைத் தேடினாள். ரிலே பயிற்சி இருந்தது.

நடீன்


மே பென்
14 மே 2017

நடீன்,

அனுமதியும் கிடைக்கவில்லை என்று பிரிச்சர்ட் எழுதினாள். இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். அவள் எதற்குக் கேட்கிறாள்?

டிசம்பரில் நான் எழுதியது கோபத்தில் எழுதியது. கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் உன் மேல் இல்லை. நீ அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலும் ஜட்ஜ் நம்பியிருக்க மாட்டார் என்கிறாள் பேர்ல். "அவ குரலைக் கேட்டாலே தெரியுது, புள்ளைய விடற ஆளா அது?" என்றாள். போனில் நீ கெஸியாவைச் சாப்பிடக் கூப்பிடுவதைத்தான் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

சாரத்தில் நிற்கும்போது சில நேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கீழே இறங்கிப் பார்க்கிறேன். முடியவில்லை. நான்கு படிக்குள் விழப்போனேன்.

உனக்கு முடிந்தபோது அவளை அழைத்து வா.

ஆர்வில்


பிரிஸ்டல்
9 செப்டம்பர் 2018

அண்ணா,

உன்னிடமிருந்து கிளம்பி வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த பலாச்சுளையை விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள், அவளுக்குப் பெரிய வருத்தம்.

இரண்டு வாரமும் நீ பார்த்திருப்பாய். நீயும் பார்க்காத மாதிரி இருந்தாய், நானும் இருந்தேன். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் உன்னிடம் அவ்வளவு மரியாதையாக இருந்தாள். உன்னை அப்பா என்று கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று உன் வீட்டில் உன்னிடம் கேட்டபோது நீ எழுந்து வெளியே போனாய்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். இந்த வாரம் விளையாட்டில் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பயப்படாதே, கட்டுப் போட்டாயிற்று. ஆனால் மயக்கம் கொடுக்கக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "அம்மாவா?" "அத்தை." "சட்டப்படி காப்பாளரா?" என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வலியில் பல்லைக் கடிக்கிறாள், நான் உன் கதையை முதலிலிருந்து ஒரு டாக்டருக்குச் சொல்கிறேன். உன்னைப் போனில் பிடிக்கவும் முடியவில்லை. புயல் மழையில் லைன் போயிருந்தது என்று பிறகு சொன்னாய்.

அதனால் நான் சட்டப்படி அவளுக்குக் காப்பாளராக வேண்டும். படிவம் உள்ளே இருக்கிறது. நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இங்கே கோர்ட்டில் சுலபமாக முடியும். நீ அப்பா இல்லை என்று ஆகாது. ஆனால் முடிவுகள் என்னுடையதாகும். மழுப்பாமல் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. அந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் என்னைக் காட்டி "எங்கம்மா" என்றாள். நான் திருத்தவில்லை. உனக்குத் தெரியாமல் அதை வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

நடீன்


மே பென்
6 அக்டோபர் 2018

நடீன்,

படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு மிஸ்டர் பெர்னாட் என்பவரிடம் போனேன். மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஊரில் காகிதங்களுக்கு முத்திரை போடும் அதிகாரமும் அவருக்குத்தான். சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். இருமல் மருந்துக்கு நிற்பவர்களோடு நானும் நின்றேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். ஒரு கட்டம் நான் நிரப்பாமல் விட்டிருந்தேன். தந்தையால் குழந்தையை வளர்க்க இயலாததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தது.

"இங்க என்ன எழுதறது?" என்றார்.

"சும்மா விட்டுடலாமா சார்?"

"சும்மா விட்டா திருப்பி அனுப்பிடுவான். நீ குடிப்பியா?"

"அன்னிக்கு அப்புறம் இல்ல."

"உடம்புக்கு ஏதாவது?"

"இல்ல."

"புள்ள வேணாம்னுட்டியா?"

"இல்ல சார்."

"அப்ப என்னதான்யா காரணம்?" என்று எரிச்சலாகக் கேட்டார். பின்னால் நின்ற பெண் சிரித்தாள். நான் தீர்ப்பையும் அந்த நாற்பத்தொன்றாவது பத்தியையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவரே எழுதினார். 'தந்தை வெளிநாட்டில் வசிக்கிறார்.'

"இது வெளிநாடா சார்?" என்றேன். "கோர்ட்டுல இதைத்தான் என் சொந்த நாடுன்னாங்க."

கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று இருந்தேன். "கையெழுத்துப் போடு தம்பி. பின்னாடி ஆளு நிக்குது" என்றார்.

போட்டேன். முத்திரை குத்தினார். காசு வேண்டாம் என்றார்.

மணிக்கட்டுக் கட்டைப் பிரித்த பிறகு கொஞ்ச நாள் அவளைக் கனம் தூக்க விடாதே. எனக்குச் சின்ன வயதில் முறிந்து சரியாகக் கூடாமல் போனது, குளிர் காலத்தில் வலிக்கும். இங்கே குளிர் இல்லாததால் வலிப்பதில்லை.

அவள் உன்னை அம்மா என்றதை நீ திருத்தாமல் விட்டது சரிதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். தபால் நிலையத்தைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். அந்த வரியை எழுதாமலே ஒட்டுகிறேன்.

ஆர்வில்